பாவைக்கு மட்டும் கதை இல்லை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்தால் செம்மேடு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் தலைமை ஊர். பேருந்து நிறுத்தம், மிளகும் காப்பிக்கொட்டையும் மலைவாழையும் விற்கும் கடைகள், அரசு அலுவலகங்கள், இவற்றோடு வல்வில் ஓரியின் சிலை. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் இங்கே அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. சிலைக்கு மாலை போடுவார்கள், மலர்க் கண்காட்சி இருக்கும், வில்வித்தைப் போட்டியும் உண்டு. போட்டிக்கு வருகிற பிள்ளைகள் அட்டையில் வரைந்த வட்டத்தைக் குறிபார்க்கிறார்கள். சிலையில் நிற்கிறவனுடைய கணக்கோ வேறு.

ஓரி விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, வாய் பிளந்து நின்ற புலியைக் கடந்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்ச் செருகியது என்று வன்பரணர் பாடியிருக்கிறார். புறநானூற்றின் 152-ஆவது பாட்டு அது. அமெரிக்கக் காமிக்ஸ்காரர்கள் பார்த்திருந்தால் முதல் பக்கத்திலேயே முழுப்பக்கப் படமாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பாட்டில் அம்பைவிட ரசமான இடம் பின்னால் வருகிறது. வேட்டுவன் கோலத்தில் நிற்கிற அவன் யாரென்று பாணர் கூட்டத்துக்குத் தெரியாது. ஓரியின் பெயரைச் சொல்லிப் பாடுகிறார்கள். தன் பெயர் காதில் விழுந்ததும் அவன் நாணிப் போகிறான். பிறகு வேட்டையாடிய மானின் கறியையும், உருக்கிய நெய்போல் இருந்த கள்ளையும், தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்து அனுப்புகிறான்.

இப்படிப்பட்டவன் எப்படிச் செத்தான்? திருக்கோவலூர்ப் பக்கத்து முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அகநானூற்றின் 209-ஆவது பாட்டில் கல்லாடனார் இதைச் சொல்கிறார். ஓரி விழுந்தபின் அவனுடைய பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த கூச்சலை நற்றிணையில் கபிலர் உவமையாக்குகிறார். சிறுபாணாற்றுப்படை இருவருடைய குதிரைகளையும் நினைவில் வைத்திருக்கிறது: காரியின் குதிரைக்குக் காரி என்றே பெயர், ஓரியின் குதிரைக்கு ஓரி. இத்தனை செய்தி சொல்கிற புலவர்கள் ஒன்றை மட்டும் தேடவே இல்லை. ஓரியின் உடம்பில் எந்த இடம் பலவீனமானது? குதிகாலா, தொடையா, தொப்புளா? அந்தக் கேள்வியே அவர்களுக்கு எழவில்லை. அவன் மனிதன், போரில் இன்னொரு மனிதன் கொன்றான். பாட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறது.

ஆனால் உலகத்துக் கதைசொல்லிகளில் பெரும்பாலோர் அப்படி விட்டுவிடவில்லை. அசைக்க முடியாத வீரன் ஒருவனைப் படைத்தால், அவன் உடம்பில் எங்கேயாவது ஓர் உயிர்நிலையை ஒளித்து வைத்தே ஆகவேண்டும் என்பது கிரேக்கத்திலிருந்து நியூயார்க் வரை எழுதாத சட்டமாக இருந்து வந்திருக்கிறது. அந்த இடம் எதற்காக வருகிறது, எப்போது வருகிறது, யார் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். சாகாவரமும் சாவுக்கான ஓட்டையும் பெரும்பாலும் ஒன்றாகவே பிறக்கின்றன. உடம்பு எவ்வளவுக்கு எவ்வளவு கெட்டியாகிறதோ, கதைக்கு அவ்வளவு சீக்கிரம் ஓட்டை தேவைப்படுகிறது.

இதற்கு எதிர்ச்சாட்சி சொல்ல ஒருத்தி கொல்லிமலையிலேயே இருக்கிறாள்.

ஓரியின் சாவைச் சொன்ன அதே அகநானூற்றுப் பாட்டு, அதே மூச்சில் கொல்லிப்பாவையையும் சொல்கிறது. சிவந்த வேர்ப்பலா நிறைந்த மலை, அங்கே தெய்வம் செய்து நிறுத்திய பாவை, அவளைப் போன்றது தலைவியின் அழகு. இரண்டு மூன்று அடிகளுக்குள் வில்லாளி செத்துப்போகிறான், பாவை நிற்கிறாள். நற்றிணை 201-இல் பரணர் அவளுடைய உறுதியைச் சோதனைச்சாலைப் பட்டியல்போலவே அடுக்குகிறார். காற்று மோதினாலும், மழை விரைந்து கொட்டினாலும், இடி சினந்து விழுந்தாலும், வேறு கேடுகள் பல வந்தாலும், நிலமே நடுங்கினாலும் அவள் உருவம் சிதையாது. காற்று, நீர், நெருப்பு, நிலநடுக்கம் என்று ஒரு பொறியாளர் கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. ஓட்டை எங்கும் இல்லை.

அதனாலேயே அவளுக்குக் கதையும் இல்லை. சங்கப் பாடல்களில் அவள் வருகிற இடங்களை எடுத்துப் பார்த்தால், குறுந்தொகையில் பரணர் பாடிய 89, கபிலர் பாடிய 100 உட்பட, எல்லாவற்றிலும் அவள் உவமையாகவே நிற்கிறாள். எட்ட முடியாத பெண்ணுக்கு உவமை, மாறாத அழகுக்கு உவமை. அவள் எங்கும் போவதில்லை, யாரையும் எதிர்ப்பதில்லை, யாரிடமும் தோற்பதில்லை. பிற்காலத்தார்தான் அவளை அசைய வைத்தார்கள். முனிவர்களைத் தொல்லை செய்ய வரும் அரக்கர்களைச் சிரித்து மயக்கிக் கொல்லும் பொறிப்பாவை என்ற கதை அப்படி வந்தது. இன்று எட்டுக்கை அம்மனாக அவளை மலையில் வழிபடுகிறார்கள். கதையில் அவள் கொல்லத் தொடங்கிய பிறகும் அவளைக் கொல்ல யாராலும் முடியவில்லை. ஆகவே கதை ஒரு பத்தியைத் தாண்டி நீளவும் இல்லை.

மலையிறங்கி நாமக்கல்லுக்கு வந்தால் வேறுவகை உத்தியைக் கல்லிலேயே பார்க்கலாம். நகரின் நடுவே நிற்கும் ஒற்றைப் பாறையைக் குடைந்து செய்த நரசிம்மர் குடைவரை, 8-ஆம் நூற்றாண்டை ஒட்டியது, அதியர் மரபினர் செய்வித்தது. அதன் சுவரில் நரசிம்மம் இரணியனை மடியில் கிடத்திப் பிளக்கிறது. இரணியனுக்கு உடம்பில் ஓட்டை இல்லை, வரத்தில்தான் இருந்தது. மனிதனாலும் விலங்காலும் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, ஆயுதத்தால் கூடாது என்று வக்கீல் வைத்து எழுதியதுபோல் கேட்டு வாங்கினான். எதிர்த்தரப்பு இன்னும் நல்ல வக்கீல். அந்தி நேரம், வாசற்படி, நகம். இராவணன் இவ்வளவு சிரமமும் எடுத்துக்கொள்ளவில்லை. தேவர்களிடமிருந்தும் அரக்கர்களிடமிருந்தும் காப்புக் கேட்டவன், மனிதர்கள் ஒரு பொருட்டே இல்லை என்று அந்த வரியை விட்டுவிட்டான். அவன் தொப்புளில் அமுதம் இருந்தது என்பது வடக்கே பரவிய கதை. கம்பனுக்கு அது தேவைப்படவில்லை.

வரத்தில் இருக்கும் ஓட்டை படிக்கச் சுவையானது. கூத்தில் காட்டுவதற்கு உடம்பில் இருக்கிற ஓட்டைதான் தோது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளில் திரௌபதி அம்மன் திருவிழாவின் உச்சம் படுகளம். ஊருக்கு வெளியே திடலில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். பல ஆள் நீளத்துக்கு மல்லாந்து கிடக்கும் உருவம். முறுக்கு மீசை, உருட்டு விழி, பக்கத்தில் கதாயுதம். கட்டியங்காரனும் பீமனும் துரியோதனனும் வேஷம் கட்டி அந்த மண்ணுடம்பைச் சுற்றி ஓடியாடிச் சண்டை போடுவார்கள். கடைசியில் பீமன் தொடையில் ஓங்கி அடிப்பான். அங்கே மண்ணுக்குள் புதைத்து வைத்திருக்கும் செந்நீர் பீறிட, திரௌபதி அதைத் தலையில் தடவி, விரித்த கூந்தலை முடிப்பாள். இவ்வளவு பெரிய உடம்பில் அந்த ஓரிடம் எங்கே இருக்கிறது என்பது திடலில் நிற்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூத்து முடிந்ததும் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

தொடை ஏன் என்பதற்கு மூன்று காரணங்கள் புழங்குகின்றன. மூலபாரதத்தில் சூதாட்ட சபையில் துரியோதனன் திரௌபதிக்குத் தொடையைக் காட்டினான், அதை உடைப்பேன் என்று பீமன் சபதம் செய்தான். வனபர்வத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது: அவனுடைய மேலுடம்பு வச்சிரத்தால் ஆனது, கீழுடம்பைத் தேவி மலர்களால் செய்தாள் என்று தானவர்கள் அவனிடமே சொல்கிறார்கள். மூன்றாவதுதான் இன்று ஊரெல்லாம் தெரிந்தது. காந்தாரி கண்கட்டை அவிழ்த்து ஒரே பார்வையில் மகனுடைய உடம்பை இரும்பாக்க நினைக்கிறாள். பிறந்த மேனியாக வா என்கிறாள். வழியில் கண்ணன் கேலி செய்கிறான். வெட்கப்பட்டு இடுப்பில் வாழை இலையைச் சுற்றிக்கொள்கிறான் துரியோதனன். இலை மறைத்த இடம் சதையாகவே நின்றுவிட்டது. வியாசரிடம் இந்த இலை கிடையாது. பி.ஆர்.சோப்ராவின் தொலைக்காட்சித் தொடர் 1988 முதல் 1990 வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரை அடக்கி வைத்திருந்தபோது இதை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. கதைத்திறன் என்று பார்த்தால் மூன்றில் இதுவே சிறந்தது. சபையில் ஒரு பெண்ணைத் துகிலுரியச் சொன்னவன், தன் தாய் முன்னே மறைத்துக்கொண்ட துணுக்கு இடத்தால் சாகிறான்.

அதிலும் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. கதாயுதப் போரில் தொப்புளுக்குக் கீழே அடிப்பது முறையல்ல. எனவே ஓட்டை இருந்தும் நேர்வழியில் அதைத் தொட முடியாது. அர்ஜுனன் தன் தொடையைத் தட்டிக் காட்ட, பீமன் முறைதவறி அடிக்கிறான். பலராமன் கலப்பையைத் தூக்கிக்கொண்டு பாய்கிறான். பலவீனத்தைத் தெரிந்து வைத்திருப்பது வேறு, அடிப்பதற்கு மனம் துணிவது வேறு என்று பாரதம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது.

கண்ணனுக்கும் இதே கதி. துர்வாசர் பாயசத்தை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளச் சொன்னார். அவன் உள்ளங்காலில் மட்டும் பூசவில்லை. மான் என்று நினைத்து ஜரன் என்ற வேடன் விட்ட அம்பு அங்கேயே வந்து பாய்ந்தது. கிரேக்கத்து அக்கிலிஸ் கதை இதன் உடன்பிறப்பு. தாய் அவனைக் குதிகாலில் பிடித்துக்கொண்டு ஸ்டைக்ஸ் ஆற்றில் முக்கினாள், பிடித்த இடம் நனையவில்லை. ஆனால் ஹோமரின் இலியட்டில் இது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே அக்கிலிஸ் சாதாரண உடம்புக்காரன். 21-ஆம் காண்டத்தில் ஓர் ஈட்டி முழங்கையில் உரச ரத்தம் வடிகிறது. ஆற்றில் முக்கிய கதை கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கவி ஸ்டேஷியஸ் எழுதியதில்தான் துலக்கமாகக் கிடைக்கிறது. அவனைத் துளைக்க முடியாதவன் ஆக்கினார்கள், உடனே குதிகாலும் முளைத்தது. ஓரியைப்போல ஹோமரின் அக்கிலிசுக்கும் அதுவரை உயிர்நிலை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை.

ஜெர்மானியரின் சீக்ஃப்ரீட் கதை 1200-ஐ ஒட்டி எழுதப்பட்ட நிபெலுங் காவியத்தில் வருகிறது. டிராகனின் ரத்தத்தில் குளித்தவன். முதுகில் ஓர் இலை ஒட்டியிருந்ததால் அந்த இடம் மட்டும் தோல் கெட்டிப்படவில்லை. வாழை இலைக்குப் பதில் லிண்டன் இலை. அவனைக் காப்பாற்றுவதாகச் சொன்ன ஹேகனை நம்பி, மனைவி கிரீம்ஹில்ட் அந்த இடத்தைக் குறிக்கும்படி சட்டையில் ஒரு சிலுவை தைத்து வைக்கிறாள். சுனையில் குனிந்து தண்ணீர் குடிக்கும்போது ஹேகன் அந்தச் சிலுவையைப் பார்த்தே ஈட்டியை எறிகிறான். இந்த வரிசையில் பொதுவாக ஒன்று தென்படுகிறது: அந்த இடத்தைக் கெட்டியாகாமல் விட்டதும் காட்டிக் கொடுத்ததும் பெரும்பாலும் பகைவன் கை அல்ல, தாய், மனைவி, அல்லது சொந்த வெட்கம்.

நம் பாட்டிமார் கதைகளில் இந்தச் சிக்கலை வேறுவிதமாகத் தீர்த்திருக்கிறார்கள். மந்திரவாதியின் உயிர் அவன் உடம்பிலேயே இருக்காது. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு மரப்பொந்தில் கிளியாக இருக்கும். கிளியின் கழுத்தைத் திருகினால் இங்கே மந்திரவாதி சுருண்டு விழுவான். உடம்பில் ஓட்டை வைப்பதைவிட இது வசதியானது, ஏனென்றால் கடலும் மலையும் தாண்டுவதே ஒரு மாதத்துக்குக் கதை கொடுக்கும்.

காமிக்ஸ் வந்தபோது இந்த உத்திகள் எல்லாம் தயாராகக் காத்திருந்தன. ஆனால் சூப்பர்மேன் அவற்றை எடுத்துக்கொண்டு வரவில்லை. 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் அறிமுகப்படுத்திய மனிதன் பறக்க மாட்டான். ஏறக்குறைய 200 மீட்டர் தாவுவான். ரயிலைவிட வேகமாக ஓடுவான். வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்குக் குறைந்த எதுவும் அவன் தோலைத் துளைக்காது. அதாவது பீரங்கிக் குண்டு துளைக்கும். எல்லை தெளிவாக இருந்ததால் ஓட்டை வேண்டியிருக்கவில்லை. ஆண்டுகள் போகப் போக அவன் பறக்கத் தொடங்கினான், கிரகங்களை நகர்த்தும் அளவுக்கு வளர்ந்தான். எழுதுகிறவர்களுக்குப் பிரச்சினை வந்தது. 1940-லேயே சீகல் ‘கே உலோகம்’ என்ற ஒன்றை வைத்து ஒரு கதை எழுதினார், அது அச்சாகவில்லை. 1943-இல் வானொலித் தொடரில்தான் கிரிப்டனைட் முதன்முதலில் வந்தது. அவன் பிறந்த, பின்னர் அழிந்துபோன கிரகத்தின் துண்டு. பக்கத்தில் வந்தால் துவண்டு போவான். குரல் கொடுத்த நடிகருக்கு ஓய்வு கொடுக்க இந்தக் கல் கைகொடுத்தது என்று ஒரு கதை உண்டு. வேறொருவர் முனகினால் போதுமாம். அச்சுக் காமிக்ஸுக்கு அது வந்துசேர 1949 ஆனது.

கல் கிடைத்ததும் கைக்கு அடங்கவில்லை. பச்சை போதாமல் சிவப்பு வந்தது, அது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. பொன்னிறம் வந்தது, அது சக்தியை நிரந்தரமாக எடுத்துவிடும். அழிந்துபோன ஒரு கிரகத்திலிருந்து இவ்வளவு சரக்கு பூமிக்கு எப்படி வந்தது என்று வாசகர்கள் சிரிக்கும் நிலை. 1971-இல் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் ஆசிரியரானபோது, டென்னி ஓ’நீல் எழுதிய கதையில் பூமியிலுள்ள கிரிப்டனைட் அத்தனையும் வெறும் இரும்பாக மாறியது. பிறகு திரும்பி வந்துவிட்டது. 1986-இல் ஜான் பைர்ன் இன்னும் நேர்மையான வழியை எடுத்தார். சூப்பர்மேனின் பலத்தையே குறைத்தார். பலம் குறைந்தால் ஓட்டையும் சிறிதாகத்தான் இருந்தாக வேண்டும். 1992-இன் இறுதியில் வெளியான ‘சூப்பர்மேன்’ 75-ஆவது இதழில் அவன் செத்தபோது கல்லும் இல்லை, வேறு ஓட்டையும் இல்லை. டூம்ஸ்டே என்ற அரக்கனோடு தெருவில் அடித்துக்கொண்டு, குத்துவாங்கிச் செத்தான். லட்சக்கணக்கில் விற்ற அந்த இதழில் அவனுக்குக் கிடைத்தது, கிட்டத்தட்ட ஓரிக்குக் கிடைத்த சாவு. என்ன, சீக்கிரமே பிழைத்து வந்துவிட்டான்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பாடத்தை எடுத்தவர் சூப்பர்மேன் அல்ல. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி. மூலம் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய தொடர். தொடக்கத்தில் எழுதியவர் கென் புல்மர், படம் ஸ்பெயின்காரர் ஹெசுஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேல், விபத்தில் இழந்த வலக்கைக்குப் பதில் எஃகுக் கை மாட்டிக்கொள்கிறான். உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்துவிடுகிறது, எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது.

இந்த ஆளைப்போல் கச்சிதமாக அமைந்த நாயகன் காமிக்ஸ் உலகத்தில் அபூர்வம். அவன் சக்தி எதிலிருந்து வருகிறதோ அதிலேயே அவன் பலவீனங்கள் மூன்றும் இருக்கின்றன. மறைவதற்கு மின்சாரம் வேண்டும். எனவே அவன் கண் எப்போதும் பிளக் பாயிண்டைத் தேடும். மின்சாரம் ஏறியது சிறிது நேரம்தான் நிற்கும். எதிரியின் கோட்டைக்குள் இருக்கும்போதே உடம்பு மெல்லத் தெரியத் தொடங்கும். மறைகிற உடம்பு வலிக்காத உடம்பல்ல. குண்டு பட்டால் பட்டதுதான். இவற்றுக்கு மேல், மறையாத அந்தக் கை. இருட்டில் ஒரு கை மட்டும் கதவுக் குமிழைத் திருகும் படத்தைப் பார்த்துத் திகிலடைந்தவர்கள், அதே கைதான் அவனைக் காட்டிக் கொடுக்கப் போகிறது என்பதையும் அதே கட்டத்தில் புரிந்துகொண்டார்கள். எல்லா வீட்டிலும் மின்விளக்கு இல்லாத காலத்தில் தமிழ்நாட்டுப் பையன்கள் இதைப் படித்தார்கள். ஸ்விட்ச் போர்டில் விரல் வைத்துப் பார்க்கத் துணிந்தவர்களும் இருந்திருப்பார்கள். மின்வெட்டுக் காலத்தில் மாயாவி என்ன செய்வார் என்ற நக்கல் பின்னால் வந்தது. அந்த நக்கலுக்குக் கதையிலேயே பதில் இருக்கிறது. மின்வெட்டு வந்தால் அவர் கைதி.

1963-இல் பிறந்த அயர்ன் மேனும் இதே வகை. இதயத்துக்கு அருகில் குண்டுச் சிதறல்; மார்புக் கவசத்துக்கு மின்சாரம் ஏற்றாவிட்டால் உயிர் போய்விடும். 2010-இல் ஷங்கரின் ‘எந்திரன்’ படத்தில் சிட்டி ரயிலில் ரவுடிகளை அடித்துக்கொண்டே போய், சார்ஜ் தீர்ந்து பொம்மையாகச் சரிகிற காட்சி இந்த மரபில் வந்ததே.

உண்மையிலேயே உடையாத உடம்பு கொண்டவர்கள் மார்வெல் பக்கம் இருக்கிறார்கள். வோல்வரின் 1974-இல் வந்தார். எலும்பெல்லாம் அடமாண்டியம் என்ற கற்பனை உலோகத்தால் பூசியது. உலோகம் என்றால் காந்தம் என்று ஒன்று உண்டே. 1993-இல் எக்ஸ்-மென் 25-ஆம் இதழில் காந்தசக்தி வில்லன் மேக்னெட்டோ அந்த உலோகத்தை அவர் உடம்பின் துவாரங்கள் வழியாகவே பிடுங்கி எடுத்தார். இன்னொருவர் லூக் கேஜ். மாயாவி தமிழுக்கு வந்த அதே 1972-இல் தோன்றியவர். துப்பாக்கிக் குண்டு துளைக்காத தோல். சண்டையில் அது வரம். ஆஸ்பத்திரியில் சாபம். 2015-இல் வந்த ‘ஜெசிக்கா ஜோன்ஸ்’ தொடரில் தாடைக்குக் கீழே சுடப்பட்டு மூளை வீங்கிக் கிடக்கிறார் கேஜ். நர்ஸ் கிளேர் ஊசி போடப் பார்க்கிறாள், ஊசி வளைகிறது. கத்தி இறங்காது, துளைக்கவும் முடியாது. கடைசியில் கண்ணின் ஓரமாக நீண்ட ஊசியைச் செலுத்தி நீரை வடிக்கிறாள். உடையாத உடம்பு பற்றி எழுதியவர்களில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் சிலரே: கத்தி நுழையாத தோலில் வைத்தியன் எப்படி நுழைவான்?

இயற்பியலும் இதையே வேறு கோணத்தில் கேட்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் கக்காலியோஸ் 2005-இல் சூப்பர்ஹீரோக்களின் இயற்பியல் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அதில் அதிகம் பேசப்பட்ட பகுதி 1973-இல் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி செத்த விதம். பாலத்திலிருந்து தள்ளப்பட்டவளை வலையால் பிடித்தான். பிடித்தது சரி, விழுந்த வேகம் சட்டென்று நின்றதில் கழுத்து போய்விட்டது. அது அப்படித்தான் என்று பதிப்பாளர்களே வாசகர் கடிதப் பகுதியில் ஒப்புக்கொண்டார்கள். தோல் எவ்வளவு கெட்டியானாலும் உள்ளிருக்கும் மூளை மண்டையோட்டுக்குள் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. தகர டப்பாவுக்குள் வைத்த முட்டை, டப்பா நசுங்காவிட்டாலும் குலுக்கினால் உடையும்.

உடையாத பொருளும் அதன் ஓட்டையும் ஒரே காரணத்தில் பிறப்பதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் ரூபர்ட் இளவரசரின் கண்ணாடித் துளி இருக்கிறது. உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் தலை தடித்து வால் நீண்ட ஒரு துளியாக உறையும். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வால் நுனியைக் கிள்ளினால் மொத்தமும் பொடியாகச் சிதறும். 1660-களில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸின் அவையில் வேடிக்கை காட்டிய பொருள் இது. மேற்பரப்பு முதலில் குளிர்ந்து இறுகுகிறது. உள்ளே பின்னால் குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. அந்த அழுத்தம் 700 மெகாபாஸ்கல் அளவுக்குப் போகும் என்று கேம்பிரிட்ஜின் முனாவர் சவுத்ரி, பர்டூ பல்கலைக்கழகத்தின் ஸ்ரீனிவாசன் சந்திரசேகர், தாலின் நகரத்து ஆய்வாளர்கள் ஆகியோர் அளந்து காட்டினார்கள். சவுத்ரியும் சந்திரசேகரும் 1994-லேயே அதிவேகக் கேமராவில் படம் பிடித்திருந்தார்கள்: வாலில் தொடங்கும் விரிசல் நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் தலைக்கு ஓடுகிறது. தலையைக் காக்கும் அதே இழுவிசைதான் வாலில் கைவைத்தால் வெடிக்கிறது. அக்கிலிசின் குதிகாலுக்குப் புராணம் தேவைப்பட்டது. இதற்குத் தண்ணீர் வாளி ஒன்று போதும்.

தமிழ் மருத்துவ மரபு இந்த விவாதத்தில் ஓர் ஓரமாக நின்று வேறொன்று சொல்கிறது. வர்ம நூல்களின் கணக்கில் மனித உடம்பில் 108 வர்மங்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96. இது அக்கிலிசுக்கும் சீக்ஃப்ரீடுக்கும் நேர் எதிர். ஓட்டை ஒருவனுக்கு ஓரிடத்தில் அல்ல. எல்லோருக்கும், அதே இடங்களில், ஆசானுக்கும் சேர்த்து. அடிக்கக் கற்றவன் அடிபட்டதை இளக்கிச் சரிசெய்யவும் கற்றிருக்க வேண்டும் என்பதும் அந்த மரபின் விதி. 1996-இல் ‘இந்தியன்’ தாத்தா விரல் நுனியால் ஆளைச் சாய்த்தபோது தியேட்டரில் விசில் பறந்ததற்குக் காரணம் அவருடைய பலம் இல்லை. எதிரே நிற்கிறவன் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் அவனுக்கும் அந்த இடம் அங்கேதான் இருக்கிறது என்பதே. ஆனால் இதை வைத்துச் சூப்பர்ஹீரோ கதை எழுதுவது கஷ்டம். எல்லோருக்கும் பொதுவான பலவீனத்தில் ரகசியம் எங்கே இருக்கிறது?

அந்தக் கஷ்டத்தைத் தாண்டியவர் லீ ஃபாக். 1936-இல் அவர் படைத்த ஃபேண்டம் முத்து காமிக்ஸில் வேதாளர் ஆனார், ராணி காமிக்ஸில் மாயாவி ஆனார். காட்டுவாசிகளும் கடற்கொள்ளையரும் அவர் நானூறு ஆண்டுகளாகச் சாகாதவர் என்று நடுங்குகிறார்கள். உடம்பென்று பார்த்தால் அவரிடம் விசேஷம் ஒன்றுமே கிடையாது: குண்டு பட்டால் ரத்தம் வரும், காய்ச்சல் வந்தால் படுப்பார், 108 வர்மமும் இருந்த இடத்தில் இருக்கும். அவர் சாகிறார், மகன் அதே முகமூடியைப் போட்டுக்கொண்டு மறுநாள் குதிரையில் வருகிறான். இப்படி 21 தலைமுறை. எதிரிகள் தவறான இடத்தையே குறிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தேட வேண்டியது நெஞ்சையோ நெற்றியையோ அல்ல, வாரிசு இருக்கிறதா என்பதை. அந்த ஓட்டையை ஃபாக் 41 ஆண்டுகள் திறந்தே வைத்திருந்தார். வேதாளரும் டயானாவும் காதலித்துக்கொண்டே இருந்தார்கள், கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. 1977-இல்தான் தாலி கட்டாத குறையாக அது நடந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் கிட், ஹெலாய்ஸ் என்று இரட்டைக் குழந்தைகள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். முகமூடி இரண்டில் யாருக்கு என்ற புதிய சண்டைக்கும் இடம் வைத்தாயிற்று.